மலைக்காரியின் ரேஷன் கார்டு

கல்லுக்கு நம்பர் எழுதுவதும் ஒரு உத்தியோகம்தான். ஆனால் அதைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

பொடி எழுத்து எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட குமாஸ்தாக்களே, லேபிள் ஒட்டி ஒட்டி நாக்கு வறண்டவர்களே, உங்களுக்கு மட்டும்தான் என் கஷ்டம் புரியும். அறுபதுகளின் நடுவில், ரேஷன் கார்டு இல்லாதவன் பம்பாயில் மனுஷனே இல்லை என்றிருந்த நாட்களில், சயான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. பம்பாய்க்கு வெளியே, கசாரா ரயில் ஸ்டேஷன் தாண்டி ஒரு மலை. அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கூரை இறக்கியதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. இரும்பும் எழுத்தும் வராத காலத்து மனிதர்கள் அந்தப் பாறையடியில் விட்டுப்போன கற்களை எங்கள் டாக்டர் தோண்டி அனுப்புவார். எந்தக் குழி, எவ்வளவு ஆழம், எத்தனையாவது கல் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் நான் எழுதவேண்டும். வெள்ளைக் கல்லுக்குக் கறுப்பு மை, கறுப்புக் கல்லுக்கு வெள்ளை மை. நகத்துண்டு அளவுக் கல் கத்தியிலும் எழுதவேண்டும். நம்பர் இல்லாத கல் அநாதை என்பார் டாக்டர்.

பிட் எழுதிய கை

டாக்டர் பூனாக்காரப் பெண்மணி. பருத்திப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். என்னை வேலைக்கு எடுத்த அன்று சர்ட்டிபிகேட் எதையும் பார்க்கவில்லை. ஒரு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, இதில் உன் பெயரும் விலாசமும் எழுது என்றார். எஸ்தர், தகப்பனார் பெயர், தாராவியில் எங்கள் சால் என்ற வரிசைக் கட்டடத்தின் பெயர், ரூம் நம்பர், பம்பாய் 17 எல்லாம் எழுதியும் கொட்டையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

எங்கே பழகினாய் என்று கேட்டார். கர்த்தருக்குப் பயந்து உண்மையைச் சொன்னேன்: பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளுக்குப் பரீட்சை பிட் எழுதிக் கொடுத்த கை இது. அவர்கள் எல்லாரும் பாஸ். நான்தான் கணக்கில் போய்விட்டேன். சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்று பையை எடுத்துக்கொண்டேன். டாக்டர் புளியங்கொட்டையைப் பத்திரமாக மேஜை டிராயரில் போட்டார்.

"நாளைக்கே வந்துவிடு. வேலை இப்போதைக்கு ஒரு வருஷத்துக்குத்தான். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கல் டாக்டர்

காதர் பாய் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் மரப்பட்டறை வைத்திருந்தார். கல் அடுக்கும் தட்டுகள் செய்து கொடுக்க வந்தவர், பாதி நாள் எங்கள் ஆபீஸிலேயே இருக்க ஆரம்பித்து, டீ போடுவதிலிருந்து பெட்டி தூக்குவதுவரை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மாடிப்படி முனையில் டாக்டரின் பெயர்ப்பலகையை மாட்டியதும் அவர்தான். கீழே இருந்த வாட்ச்மேனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவனாக ஒரு பெயர் வைத்துக்கொண்டான்: மேலே இருக்கிறவர் கல் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இந்தப் பெயர் என்ன வேலை செய்யும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஒருநாள் வடாலாவிலிருந்து ஒரு தமிழர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். அவருக்கு மூத்திரத்தில் கல்லடைப்பு. கல்லெடுக்கிற டாக்டரம்மா எங்கே என்று கேட்டார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். காதர் பாய் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த மனிதர், சுவர் நெடுக நம்பர் போட்டு அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் வலி போய் மரியாதை வந்தது. என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இம்புட்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்ததா, பல ஆளுக்கா?"

நகச்சாயம்

எழுதிய நம்பர் அழியாமல் இருக்க அதன்மேல் நிறமில்லாத நகச்சாயம் ஒரு பூச்சு பூசவேண்டும். டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கிறவர். பவுடருக்கே எங்கள் வீட்டில் ஜெபம் நடக்கும். மாதுங்கா மார்க்கெட்டில் யாரும் தெரிந்தவர் இல்லாத கடையாகப் பார்த்து வாங்கி, சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா டப்பா கழுவும்போது அது அகப்பட்டது.

"நகத்துல சாயம் பூசுத பிள்ளைக்கு எந்த ஐயரு ஓலை வாசிப்பாரு?" என்று அப்பா ஆரம்பித்தார். எங்கள் கோயிலில் பாதிரியாரை ஐயர் என்றும், கல்யாண அறிவிப்பை ஓலை என்றும் சொல்வார்கள். கல்லுக்குத்தான் பூசுகிறேன் என்றேன். திருடனும் அப்படித்தான் சொல்லுவான் என்றார். மறுநாள் அரைநாள் லீவு போட்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார். நான் குனிந்து ஒரு கல் கத்திக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பின்னால் நின்று பார்த்தவர், என் பத்து நகத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் பளபளப்பு இல்லை, மைதான் இருந்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"கல்லுக்குன்னா பூசிக்க. அதுகளுக்கு நாம மாப்பிள்ள பாக்க வேண்டாம்."

டிரங்குப் பெட்டி

மழைக்கு முன்னால் மலையிலிருந்து கடைசிப் பெட்டி வந்தது. டாக்டர் இன்னும் மலையில்தான் இருந்தார். காதர் பாயும் நானும் சயான் ஸ்டேஷனில் இறக்கினோம். இறக்கினோம் என்று சொல்வது மரியாதைக்கு; அது விழுந்தது. பம்பாயில் மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலம். கனத்த பெட்டி, வியர்த்துப்போன ஒரு ஆள், பயந்த முகத்தோடு ஒரு பெண். கான்ஸ்டபிள் வந்து நிற்க வேறென்ன வேண்டும்?

பெட்டியைத் தட்டினார். முகர்ந்தார். திறக்கச் சொன்னார். மேலே வைக்கோல், அவர் கண் மின்னியது. வைக்கோலுக்குக் கீழே மண் அப்பிய கற்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தலையணை அகலத்தில் ஒரு தட்டைக் கல். அதன் அடியில் பாட்டில் உண்டா என்று பார்க்க, அவரும் காதர் பாயும் சேர்ந்து அதைப் புரட்டினார்கள். பிற்பாடு அந்த ஒரு கல்லை மட்டும் திட்டிக்கொண்டே காதர் பாய் மூன்று மாடி ஏற்றியது வேறு கதை. கான்ஸ்டபிள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உண்மையான கவலையோடு மராத்தியில் கேட்டது இதுதான்.

"ஏன், மும்பையில கல்லு தீர்ந்துபோச்சா?"

ஒரு வார்த்தை

அந்தத் தட்டைக் கல்லை நான்தான் கழுவினேன். கத்தி மாதிரியும் இல்லை, கோடாலி மாதிரியும் இல்லை. மேலே அம்மைத் தழும்புபோல் குழி குழியாக இருந்தது. வழக்கம்போல் அடியில் நம்பர் எழுதி, ரெஜிஸ்டரில் "வெறும் கல்" என்று போட்டேன். மழைக்காற்றில் ஆபீஸ் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால், காதர் பாய் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

டாக்டர் மலையிலிருந்து திரும்பிய வாரம் ஒரு கடிதம் வந்தது. எங்கள் வேலைக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டி எழுதியது. அந்த மலைப்பாறை வேட்டைக்குப் போகிறவர்கள் ஒதுங்கி நின்ற இடம்தான். அதைக் குடியிருப்பு என்று டாக்டர் எழுதியிருப்பதற்கு என்ன ஆதாரம்? மாத முடிவில் நாலு பேர் நேரில் வருகிறார்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வருஷம் தோண்டவேண்டியதில்லை, ஆபீஸும் வேண்டியதில்லை.

டாக்டர் அந்த மலையில் நான்கு வருஷம் வெயில் தின்றவர். அங்கே யாரோ சமைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மழை விடும்வரை காத்திருந்தார்கள் என்று அவர் பேசும்போது, பக்கத்து ரூம்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். அன்று அவர் டீயைத் தொடவில்லை. எனக்கு என் வேலை போகுமே என்ற பயம். அதைவிட, அவர் முகத்தைப் பார்க்கத் தாளவில்லை. காதர் பாயிடம் விவரம் சொன்னேன். அவர் ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னார்.

"இருக்கோம்னு காட்டணும்னா ரேஷன் கார்டு வேணும் தங்கச்சி. அந்த மலைக்காரங்களுக்கு இப்ப யாரு எழுதிக் குடுப்பா?"

அம்மி கொத்தலையோ

சொர்ணக்கா தாராவிக்காரி, எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவள். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருஷம். ஒரு உளி, ஒரு சுத்தியல், தோளில் ஒரு சாக்கு. மாதுங்கா, சயான், செம்பூர் என்று தெருத்தெருவாக "அம்மி கொத்தலையோ" என்று தமிழிலும், "டாக்கீ" என்று மராத்தியிலும் கூவிக்கொண்டு போவாள். அரைத்து அரைத்து வழுக்கிப்போன அம்மியில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பு ஏற்றுவது அவள் தொழில். ரேஷன் ஆபீஸில் அவளை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். தாராவியில் குடியிருக்கிறாள் என்பதற்குக் காகிதம் இல்லை.

மூன்றாம் மாடியில் நிறையக் கல் இருக்கிறது என்று வாட்ச்மேன் சொல்ல, வேலை கிடைக்கும் என்று ஏறி வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள். குனிந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைத் தடவினாள்.

"கொத்தின கல்லக் கொண்டாந்து கதவுக்கு வச்சிருக்கிய?"

"அது வெறும் கல்லு, சொர்ணக்கா."

"வெறுங்கல்லா? பெருவிரல வச்சுப் பாரு எஸ்தரு. ஓரத்துல உள்ள புள்ளி வழுவழுன்னு தேஞ்சிருக்கு. நடுவுல உள்ளது சொரசொரன்னு நிக்கி. அரைச்சு வழுக்கின பொறவு கொத்திருக்கா. அதுவும் தேஞ்ச பொறவு மறுக்கா கொத்திருக்கா, அதுக்கு மேலயும் ஒரு தரம். மூணு கொத்து இருக்கு இதுல."

ரெஜிஸ்டரில் நான் எழுதிய இரண்டு வார்த்தைகள் கண்முன் நின்றன. உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். நான் இந்தியில் சொல்லச் சொல்ல, அப்படியே தரையில் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியைக் கல்லின்மேல் வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அடியில் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. அந்த நிமிஷம் என் பிட் எழுதிய கைக்கு நான் முத்தம் கொடுத்திருப்பேன்.

ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் எவ்வளவு நாள் ஆகும் என்று டாக்டர் கேட்டார். "கருங்கல்லுன்னா, தெனமும் அரைச்சா, ஆறு மாசம் தாங்கும். அவ என்னத்த அரைச்சாளோ, அது அவளுக்குத்தான் தெரியும். ஒரு ராத்திரி தங்க வந்தவ கெடைச்ச கல்லுல அரைச்சிட்டுப் போயிருவா. கல்லக் கொத்துதான்னா அவளுக்கு அங்கனயேதான் சோறு" என்றாள் சொர்ணக்கா. டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். கொத்து சாய்ந்திருக்கிற பக்கத்தைப் பார்த்தால் அவள் இடது கைக்காரி என்றும் சொர்ணக்கா சேர்த்துச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடினார். அதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது, யாரும் நம்பமாட்டார்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"எழுதலன்னா விடுங்க. அதுக்காவ அவ சோத்துக்கையாலயா கொத்திருப்பா?"

ஏழாம் நம்பர்

ஒருத்தி சொன்னால் கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் தாராவிக்கே வந்தார். வீடு வீடாக அம்மியைப் பார்த்து, குழியின் ஆழத்தை அளந்து, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், எத்தனை தடவை கொத்தினீர்கள் என்று கேட்டார். புதிதாக வந்த வீட்டு அம்மியில் ஒரே கொத்து, நாள்பட்ட வீட்டு அம்மியில் கொத்துமேல் கொத்து. சொர்ணக்கா கணக்கு சரியாக வந்துகொண்டிருந்தது. ஒரே அம்மியை இரண்டு தடவை அளந்துவிடக் கூடாது என்று நான் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை மையில் நம்பர் எழுதினேன். கை பழகிவிட்டது.

ஷூ போட்ட அம்மாள், கையில் நோட்டுப் புத்தகம், எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்ற கேள்வி. தாராவியில் இதற்கு ஒரே அர்த்தம்தான். ரேஷன் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள், அம்மி தேய்ந்தவர்களுக்குத்தான் கார்டு என்று சந்துக்குச் சந்து செய்தி பறந்ததை நாங்கள் அறியவில்லை. மூன்றாம் நாள், ஊரிலிருந்து வந்து நாலு மாதம்கூட ஆகாத ஒரு வீட்டில், நன்றாகத் தேய்ந்த அம்மி ஒன்று இருந்தது. அதில் தேங்காய்த் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் தேங்காயே இல்லை. நம்பர் எழுதப் புரட்டினேன். என் கையெழுத்தில் ஏற்கெனவே ஏழு என்று இருந்தது. முந்தின நாள் சொர்ணக்கா வீட்டில் எழுதிய ஏழு. அடுத்த வீட்டுக்குப் போனோம். வாசல்வழியாக நாங்கள் நுழைவதற்குள் பின்பக்கமாக ஏழாம் நம்பர் அங்கேயும் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பெண்கள் பக்கத்தில் நின்றார்கள்.

டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாலு பேர் வர நாலு நாள்தான் இருந்தது, கணக்கு முழுக்கக் கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? சொர்ணக்காவைத் தேடிப் பிடித்துச் சண்டைக்குப் போனேன். அந்த இரண்டு வீட்டைத் தவிர வேறெங்கும் அம்மி போகவில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நம்பர்களும் அதையே சொல்லின. ஆனால் தப்பு தன்மேல் என்று மட்டும் அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்லு தேஞ்சிருக்கான்னுதான கேட்டீய. யாரு கல்லுன்னு கேக்கலையே."

நாலு பேர்

நாலு பேரும் வந்தார்கள். தலைவர் ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். கதவு முட்டு இப்போது மேஜைமேல், வெல்வெட் துணியில் இருந்தது. டாக்டர் மூன்று கொத்தையும் காட்டினார். தாராவி அளவுகளைப் படித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் சரி, ஆனால் கல் இடம் மாறுமே என்றார். கீழே கிராமத்தில் எவளோ கொத்திய கல்லை யாரோ மலைக்குக் கொண்டுபோயிருக்கலாம் அல்லவா?

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். கல் இடம் மாறும் என்பது உண்மைதான் என்று சொல்லி, ஏழாம் நம்பர் அம்மியின் கதையை அவரே முழுக்கச் சொல்லிவிட்டார். மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அப்போது டீத்தட்டோடு நின்ற காதர் பாய் பம்பாய் இந்தியில் வாயைத் திறந்தார். "ஸாப், ஏழாம் நம்பர் பக்கத்து வீட்டுக்குத்தான் போச்சு. அதுக்கே ரெண்டு பொம்பளைங்களுக்கு மூச்சு வாங்கிச்சு. இந்தக் கல்லை மூணு மாடி ஏத்தினவன் நான். நீங்களும் ஒருதடவ தூக்கிப் பாருங்க, பொறவு மலைக்கு ஏத்துங்க."

தலைவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து, மார்புவரை தூக்கி, இரண்டு அடி நடந்தார். மறுபடி மேஜையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாட்ச்மேன் பார்த்திருந்தால் கல்லடைப்பு என்றே நினைத்திருப்பான்.

"குடியிருப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள். என் முதுகு சாட்சி."

காகிதம்

அடுத்த வருஷத்துக்கு அனுமதி வந்தது. என் வேலையும் தங்கியது. டாக்டர் அன்று இரண்டு டீ குடித்தார். நான் லட்டு வாங்கிக்கொண்டு தாராவிக்கு ஓடி, சொர்ணக்கா குடிசை வாசலில் நின்று, மலைக்காரி அங்கேதான் குடியிருந்தாள் என்று நாலு பெரிய மனுஷர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று கத்தினேன். அவள் ஏழாம் நம்பரில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தவில்லை. லட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அன்று காலையில்தான் ரேஷன் ஆபீஸில் மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"எப்பவோ செத்துப்போனவ மலையில இருந்தான்னு கல்லப் பாத்து நம்பிட்டாவ. நான் உசுரோட நிக்கேன், என்னையக் காயிதம் கொண்டாங்காவ."

எனக்கு வெட்கமாக இருந்தது. லட்டு வாங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: இந்தப் பெண்மணி தாராவியில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறார், அம்மி எண் ஏழை நான் நேரில் அளந்து பார்த்திருக்கிறேன். ஆபீஸ் முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினோம். ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இவர் என்ன டாக்டர் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சொர்ணக்கா "கல் டாக்டர்" என்றாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். மழை முடிவதற்குள் கார்டு வந்தது. முத்திரையாலா, எங்கள் நச்சரிப்பாலா என்று இன்றுவரை தெரியாது.

எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் வீட்டு அம்மியின் அடியிலும் ஒரு நம்பர் எழுதி, நகச்சாயம் பூசி வைத்திருக்கிறேன். நாங்கள் பம்பாயில் குடியிருந்தோமா, ஒதுங்கி நின்றோமா என்று நாளைக்கு நாலு பேர் கேட்காமலா இருப்பார்கள்?